மலையகத்திலிருந்து அயனமண்டலத்தைக் கவனிக்க: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞானக் கழகத்துக்குப் பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். தொலைநோக்கி வாங்கலாம் என்பதுதான் முதல் யோசனை. ஆனால் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் நட்சத்திரத்தையே காணமுடியாத ஊர் இது. அதனால் மழையும் மூடுபனியும் மறைக்காத ஒன்றைப் பார்ப்போம், ஜீபிஎஸ் போன்ற செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு, வானத்தில் உயரே மின்னேற்றத்தோடு இருக்கும் அயனமண்டலத்தைக் கவனிப்போம் என்று பௌதிகவியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை. எதை வைத்துக் கவனிப்பது என்பதில்தான் இழுபறி.

இணையத்தில் சும்மா கிடைக்கும் தரவே போதும் என்கிறார்கள் சிலர். கையிலிருக்கும் போனே போதும் என்பது மாணவர் கட்சி. சின்ன ரிசீவர் போர்டு ஒன்று வாங்கலாம் என்பது ஆசிரியரின் விருப்பம். செய்வதை ஒழுங்காகச் செய்யவேண்டும், இன்னும் பணம் சேர்த்து ஆய்வுகூடக் கருவியே வாங்குவோம் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவர். நாலுக்கும் ஆதரவாகப் பேச ஏதோ இருக்கிறது. ஆனால் விலைப்பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்யமுடியாது. அயனமண்டலத்தில் நடப்பவற்றில் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று முதலில் தீர்மானித்தால், கருவி தானாகவே தெரிந்துவிடும்.

தலைக்கு மேலே நடப்பது

ஜீபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை தரைக்கு வரும் வழியில், ஏறத்தாழ 60 முதல் 1,000 கிலோமீற்றர் உயரம் வரை பரந்திருக்கும் அயனமண்டலத்தைக் கடக்கவேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அணுக்களிலிருந்து பிய்த்தெடுத்த இலத்திரன்கள் அங்கே திரிகின்றன. 300, 350 கிலோமீற்றர் உயரத்தில்தான் அவை மிக அடர்த்தி. இலத்திரன் கூடக்கூடச் சமிக்ஞை தாமதமாகும். அந்தத் தாமதம் எல்லா மீடிறனுக்கும் ஒன்றல்ல, மீடிறன் குறைந்தால் தாமதம் கூடும். முழுக் கதையும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. ஒரே செய்மதி எல்1 என்ற 1575.42 மெகாஹேர்ட்ஸிலும் எல்2 என்ற 1227.60 மெகாஹேர்ட்ஸிலும் அனுப்புவதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், வழியில் எத்தனை இலத்திரன் இருந்தது என்ற கணக்கு வந்துவிடும். செய்மதியின் தூரம், கடிகாரப் பிழை, கீழ்வளியின் ஈரம் எல்லாம் இரண்டுக்கும் பொது என்பதால் கழித்தலில் போய்விடும்.

இந்தக் கணக்கை டிஇசி, அதாவது மொத்த இலத்திரன் அளவு, என்ற அலகில் சொல்வார்கள். செய்மதியிலிருந்து நம் அன்டனா வரை ஒரு சதுர மீற்றர் குறுக்குவெட்டில் ஒரு தூணை நினைத்துக்கொண்டால், அதற்குள் நூறு கோடி கோடி இலத்திரன் இருந்தால் ஒரு அலகு. ஒரு அலகு, எல்1 சமிக்ஞையில் 16 சென்ரிமீற்றர் பிழையைக் கொண்டுவரும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் நம் பக்கத்துப் பகல்களில் 100 அலகு வருவது அதிசயமில்லை. அப்படியானால் பிழை 16 மீற்றர்.

இதைக் கவனிக்க இலங்கை அருமையான இடம். புவிகாந்த நடுக்கோடு தென்னிந்திய முனையையும் நம் தீவையும் ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான். பொழுது சாய்ந்ததும் இங்கே அயனமண்டலத்தின் அடிப்பகுதி சீக்கிரம் கரைந்துபோகும், மேற்பகுதி அடர்த்தியாகவே இருக்கும். பாரமானது மேலே, இலேசானது கீழே. தண்ணீருக்கு அடியில் அடைபட்ட காற்று போலத்தான், கீழே இருக்கும் இலேசான பகுதி குமிழி குமிழியாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் மேலே ஏறும். இவைதாம் பிளாஸ்மாக் குமிழிகள். நம் நெட்டாங்கில் மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இவை அதிகம். இரவு ஏழரை எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை ஆட்டம் இருக்கும்.

அப்படியென்றால் எதைப் பார்க்கலாம்? நாள்முழுதும் மெதுவாக ஏறி இறங்கும் இலத்திரன் அளவைப் பார்க்கலாம். சூரியப் புயல் அடித்த நாளில் அந்தக் கோடு எப்படிக் கோணுகிறது என்று ஒப்பிடலாம். 2024 மே 10, 11இல் வந்தது 2003க்குப் பிறகு வந்தவற்றிலேயே பலமான புயல். அமெரிக்காவில் விதைப்புக் காலத்தின் நடுவே, செய்மதி வழிகாட்டலில் ஓடிய உழவு இயந்திரங்கள் வரிசை தவறி நிறுத்தப்பட்டது அப்போதுதான். இதற்கெல்லாம் 30 செக்கனுக்கு ஓர் அளவீடு தாராளம்.

அடுத்தது குமிழிகள். ஒரு செய்மதியின் திசையில் இலத்திரன் அளவு சில நிமிடங்களில் சரிந்து மறுபடி ஏறும். அதை எண்ணாக்க ‘ரோட்டி’ என்றொரு குறியீட்டெண் இருக்கிறது. இலத்திரன் அளவு மாறும் வேகம், ஐந்து நிமிடத்துக்குள் எவ்வளவு சிதறுகிறது என்பதே அது. நிமிடத்துக்கு 0.5 அலகைத் தாண்டினால் அங்கே ஏதோ கலங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதற்கும் 30 செக்கன் தரவு போதும்.

மூன்றாவது, மினுங்கல். குமிழிக்குள்ளும் அதன் ஓரங்களிலும் சில நூறு மீற்றர் அளவில் இருக்கும் கரடுமுரடுகள் சமிக்ஞையைச் சிதறடிக்கும். அதன் பலம் செக்கனுக்குள் ஏறி இறங்கும். ஒரு நிமிடத்தில் அந்தப் பலம் எவ்வளவு சிதறுகிறது என்பதைச் சராசரியால் வகுத்து எஸ்4 என்ற எண்ணாகச் சொல்வார்கள். இதைப் பிடிக்கச் செக்கனுக்குப் பத்து, இருபது, ஐம்பது தடவை அளக்கவேண்டும். நாலு வழிகளும் பிரியும் சந்தி இதுதான்.

கொழும்பிலிருந்து சும்மா கிடைப்பது

ஜீபிஎஸ் போன்ற வழிகாட்டல் செய்மதிகளைக் கவனிக்கும் சர்வதேச ஜீஎன்எஸ்எஸ் சேவையின் நிலையம் ஒன்று கொழும்பில், நில அளவையாளர் நாயகத்தின் அலுவலகத்தில் இருக்கிறது. எஸ்ஜீஓசி என்பது அதன் பெயர். நாசாவின் தரவு மையத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டால், 30 செக்கன் இடைவெளித் தரவை நாள்வாரியாக இறக்கிக்கொள்ளலாம். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வாளர் கோபி சீமலா எழுதிய இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைப் போட்டால் இலத்திரன் அளவு வரைபடமாக வந்துவிடும். பாடசாலைக் கணினி அறையின் பழைய விண்டோஸ் கணினி இதற்குத் தாங்கும்.

‘கொழும்புத் தரவு நமக்கெதற்கு, நாம் இருப்பது மலையில் அல்லவா’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கணக்கைப் பாருங்கள். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் தெரியும் செய்மதியின் சமிக்ஞை, அயனமண்டலத்தின் 350 கிலோமீற்றர் உயரத்தை ஊடுருவும் இடம், நம் தலைக்கு மேலே இல்லை. சுமார் 500 கிலோமீற்றர் தள்ளி இருக்கும். ஹட்டனில் நின்று வடக்கே பார்த்தால் திருச்சிக்கு மேலுள்ள அயனமண்டலம் தெரிகிறது என்று அர்த்தம். கொழும்புக்கும் ஹட்டனுக்கும் நேர்கோட்டில் 80 கிலோமீற்றர்தான். பஸ்ஸில் போனால்தான் அது பெரிய தூரம். அயனமண்டலத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே ஊர்.

ஆகவே மெதுவான மாற்றங்களையும் குமிழிகளின் வரவையும் பார்ப்பதுதான் ஆசை என்றால், ஒரு சதம் செலவழிக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், முதலாவதைப் பொறுத்தவரை கொழும்பு நிலையம் நாம் வாங்கும் எந்த மலிவுக் கருவியையும்விட மேல். இரண்டு மீடிறன்களும் கருவியின் உள்ளே வெவ்வேறு பாதையில் போவதால், ஒவ்வொரு ரிசீவரும் தன்பங்குக்கு ஒரு நிரந்தரப் பிழையைச் சேர்க்கும். அந்தப் பிழை ஒரு நனோ செக்கன் இருந்தால் போதும், விடையில் கிட்டத்தட்ட 2.85 அலகு பிசகும். சர்வதேச நிலையங்களுக்கு இந்தப் பிழையைக் கணித்து வெளியிடுகிறார்கள். நம் போர்டுக்கு நாமே கண்டுபிடிக்கவேண்டும். பகலில் தகரக் கூரைச் சூட்டிலும் இரவில் மலைக் குளிரிலும் கிடக்கும் பெட்டிக்குள் அது நிலையாக இருக்கும் என்று நம்பவும் முடியாது.

இன்னொரு வசதி. தரவுக் கோப்பு உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் தொடங்கும். நமக்கு அது காலை 5.30. எனவே ஒரு மாலையின் குமிழி ஆட்டம் முழுவதும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். தென்னமெரிக்காவில் இருப்பவர்கள் இரண்டு கோப்புகளை ஒட்டிக்கொண்டு திரியவேண்டும்.

குறை என்றால், இந்த நாளாந்தக் கோப்பில் மினுங்கல் தெரியாது. 30 செக்கனுக்கு ஒருதரம் எட்டிப்பார்ப்பவனுக்கு நடுவில் நடந்தது எப்படித் தெரியும்?

போன்

“ஏன் சேர், கையில இருக்கிற போன்லயே பாக்க முடியாதா?” என்று உயர்தர மாணவன் ஒருவன் கேட்டானாம். கேள்வி சரியானதுதான். அன்ட்ரொயிட் 7, அதாவது 2016 முதல், போனிலுள்ள சில்லின் பச்சைத் தரவை ஆப்கள் எடுக்க முடிகிறது. 2018இல் வந்த ஷியோமி மீ 8தான் எல்1, எல்5 என்று இரண்டு மீடிறன் பிடித்த முதல் போன். இப்போது நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் அது உண்டு. கூகுளின் ஜீஎன்எஸ்எஸ் லொகர் இலவசம்.

அதைவிடப் பெரிய விஷயம், கூகுள் ஆய்வாளர்கள் பல மில்லியன் அன்ட்ரொயிட் போன்களின் அளவீடுகளைச் சேர்த்து அயனமண்டலத்தின் வரைபடத்தை உருவாக்கி 2024 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவின் மேலே பிளாஸ்மாக் குமிழிகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. அப்படியிருக்க நமக்கென்ன தடை?

தடை அந்த ‘பல மில்லியன்’தான். ஒரு போனின் அளவீடு ரொம்ப இரைச்சல். உள்ளே இருக்கும் அன்டனா நகத்தளவு. சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகளை அதனால் பிரித்தறிய முடியாது. பற்றரியை மிச்சம்பிடிக்கச் சில்லு அடிக்கடி தூங்கிவிழும். கோடிக்கணக்கான மோசமான அளவீடுகளைச் சராசரி எடுத்தால் நல்ல விடை வரும். ஒன்றே ஒன்றை எடுத்தால் மோசமான அளவீடுதான் மிஞ்சும். விளையாட்டு மைதானத்தில் போனை நிலத்தில் வைத்து எந்தச் செய்மதி எங்கே நிற்கிறது, எதன் பலம் எவ்வளவு என்று வகுப்புக்குக் காட்டலாம். நல்ல பாடம். கண்காணிப்பு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சின்ன போர்டு, பெரிய வேலை

இனி ஆசிரியரின் விருப்பத்துக்கு வருவோம். யூப்ளொக்ஸ் நிறுவனத்தின் செட்-எப்9பி சில்லைக் கொண்ட போர்டுகள் 200 முதல் 300 டொலருக்குள் கிடைக்கின்றன. அன்டனா, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, கேபிள், பெட்டி எல்லாம் சேர்த்தால், தீர்வை தவிர்த்து, ஒன்றேகால் ஒன்றரை இலட்சம் ரூபாய் பிடிக்கும். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் வளாகத்தில் சிண்ட்பை என்ற பெயரில், இதே சில்லையும் ராஸ்பெரி பையையும் வைத்து மினுங்கல் மானி செய்து, ஆய்வுக்கே பயன்படுத்துகிறார்கள். செக்கனுக்கு 20 தடவை அளக்கிறது. ஆக, ‘விளையாட்டுச் சாமான்’ என்று தள்ளிவிடக் கூடாது.

இதன் பலவீனமும் தெரிந்திருக்கவேண்டும். இந்தச் சில்லு சமிக்ஞை பலத்தை முழு டெசிபெல்லில்தான் சொல்லும். 44, 45, 43 என்று வரும், 44.3 என்று வராது. ஆகவே மெல்லிய மினுங்கல் இதில் அகப்படாது. நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். குமிழிகள் பிறப்பது காந்த நடுக்கோட்டில் என்றாலும், இலத்திரன் அடர்த்தி உச்சமாக இருப்பது அதிலிருந்து 15 பாகை அளவு வடக்கிலும் தெற்கிலும். எல்1 மினுங்கல் மிக மோசமாக இருப்பதும் அங்கேதான், மத்திய இந்தியாவின் பக்கம். நம் தலைக்கு மேலே குமிழி வரும். ஆனால் அதன் மினுங்கல் பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும். நல்ல மாலைகளில் பார்க்கத்தக்க அளவுக்குப் பலம் சரியும். எல்லா மாலையும் அப்படி இராது.

கணினித் திரையில் ஒரு நல்ல மாலை இப்படி இருக்கும்: ஆறரை மணிக்கு எல்லாச் செய்மதிகளின் பலக் கோடுகளும் 45 டெசிபெல் பக்கத்தில் அமைதியாகக் கிடக்கும். எட்டு மணியளவில் மேற்கே தாழ நிற்கும் ஒரு செய்மதியின் கோடு மட்டும் தடிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது 30க்கும் 48க்கும் இடையே வெட்டி வெட்டி ஆடும். அப்புறம் அதற்குக் கிழக்கே இருக்கும் செய்மதி. முதலாவது அமைதியாகும்போது மூன்றாவது ஆடத் தொடங்கும். குமிழி மேற்கிலிருந்து கிழக்காக, செக்கனுக்கு நூறு மீற்றர் அளவில் நகர்ந்துபோவது அப்படியே தெரியும். இதில் சீனாவின் வழிகாட்டல் செய்மதித் தொகுதியான பெய்டோ நன்றாக உதவும். அதன் புவிநிலைச் செய்மதி ஒன்று 80 பாகை கிழக்கில், அதாவது ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. அது அசையாது என்பதால் அதன் கோட்டில் தெரியும் ஆட்டம் முழுவதும் அயனமண்டலத்தின் ஆட்டம்தான்.

மற்றபடி இந்த வழியின் வெற்றி தோல்வி சில்லில் இல்லை, அன்டனாவை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான். மலையகப் பாடசாலைக் கட்டடங்களில் பெரும்பாலும் தகரக் கூரை. தகரத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி வைத்தாலும் திரும்பும் சமிக்ஞை கலந்துவிடும். தண்ணீர்த் தாங்கியின் கொங்கிரீட் தட்டு கிடைத்தால் விடாதீர்கள். சுற்றிலும் மலை மறைக்கிறதே என்று கவலைப்படவேண்டாம். அயனமண்டல வேலையில் 30 பாகைக்குக் கீழே வரும் தரவை எப்படியும் கழித்துவிடுவார்கள். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இருந்தாலும் அதற்கு மேலே வானம் திறந்துதான் இருக்கும். மலையிலிருந்து எதிரொலிக்கும் சமிக்ஞைதான் தொல்லை.

அதைப் பிடிக்கவும் ஒரு தந்திரம் உண்டு. ஜீபிஎஸ் செய்மதிகள் ஒரு நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். நேற்று இரவு 8.20க்கு ஒரு செய்மதியில் ஆட்டம் கண்டீர்கள், இன்று 8.16க்கு அதே செய்மதியில் அதே ஆட்டம், நாளை 8.12க்கு மறுபடி என்றால், அது மலையோ கூரையோ செய்கிற வேலை. அயனமண்டலத்துக்கு அப்படி நேரம் தவறாமை கிடையாது. முதல் இரண்டு கிழமையும் இந்தச் சோதனையை மட்டும் செய்தால்கூடத் தப்பில்லை. பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

மின்னலை நான் சின்ன விஷயமாகச் சொல்லமாட்டேன். குமிழிகள் அதிகம் வரும் ஏப்ரலும் ஒக்டோபரும்தான் பருவக்காற்று இடைவெளிக் காலம். பின்னேரமானால் மலையில் இடி விழும் மாதங்கள். உயரத்தில் நிற்கும் அன்டனாவும் அதிலிருந்து கீழே வரும் கேபிளும் கணினி அறைக்குள் மின்னலுக்கு வழி வைத்ததுபோல ஆகும். கேபிளில் மின்னல் தடுப்பான் போட்டு ஒழுங்காக நிலத்தொடுப்பு கொடுக்கவேண்டும். இல்லையென்றால் இடி ஓயும்வரை கேபிளைக் கழற்றி வைத்து, ஏழு மணிக்கு ஒருவர் வந்து செருகவேண்டும். பாடசாலை விடுவது ஒன்றரை மணிக்கு. அந்த ஒருவர் யார்? காவலாளி அண்ணனா, பக்கத்து லயத்திலிருக்கும் மாணவனா? போர்டு வாங்கும் முன் இதற்குப் பதில் இருக்கட்டும்.

கரண்ட் பெரிய பிரச்சினையில்லை. எல்லாம் சேர்ந்து 5 வொட் அளவு. ஒரு நாளுக்கு 120 வொட்மணி. 12 வோல்ட், 20 அம்பியர்மணி பற்றரி ஒன்று இருந்தால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். 2022 போலப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு மறுபடி வந்தாலும் ஓடும். தரவு அளவைத்தான் கவனிக்கவேண்டும். செக்கனுக்கு ஒருதரம் பதிந்தாலே நாளுக்குச் சுமார் 170 மெகாபைட். பத்துத் தரம் பதிந்தால் 1.7 ஜிகாபைட். டொங்கிளில் இதை ஏற்றினால் கழகப் பணம் ரீலோட்டுக்கே போய்விடும். இரவு ஏழு முதல் ஒரு மணிவரை மட்டும் வேகமாகப் பதிந்து, கணக்கை அங்கேயே போட்டு, எஸ்4 எண்களை மட்டும் அனுப்பினால் ஒரு மாலைக்குச் சில நூறு கிலோபைட்டில் முடிந்துவிடும்.

ஆய்வுகூடக் கருவி

செப்டென்ட்ரியோவின் போலாஆர்எக்ஸ்5எஸ் போன்றவை இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை. செக்கனுக்கு 100 அளவீடு, உள்ளே வெப்பநிலை காத்த நல்ல கடிகாரம், பலத்தின் மினுங்கலோடு, அலையின் கட்டம் (phase) ஆடும் கட்ட மினுங்கலும் தெரியும். விலை பத்தாயிரம் டொலருக்கு மேலே. பேராதனைக்கோ, பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவியளவையியல் பீடத்துக்கோ, தியத்தலாவை நில அளவை நிறுவகத்துக்கோ இது பொருத்தம். அங்கே ஆய்வு மாணவர் இருப்பார், பழுதானால் கடிதம் எழுத ஆளிருக்கும். பாடசாலையில் இதை வாங்கிவைத்தால், ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று அலுமாரியில் பூட்டிவைப்பார்கள். வெளிநாட்டுப் பழைய மாணவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இது வேண்டாம்.

யாருக்காக இதெல்லாம்

சுனாமியை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற ஆசையும் கூட்டத்தில் எழுந்ததாம். 2004 சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வு அயனமண்டலம்வரை ஏறியது ஜீபிஎஸ் தரவில் பதிவானது உண்மை. 2025 ஜூலையில் கம்சட்காவில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது நாசாவின் கார்டியன் முறை, ஹவாய்க்கு அலை போய்ச்சேரும் முன்பே அயனமண்டலத்தில் அதைக் கண்டதும் உண்மை. ஆனால் அது பல நாடுகளின் நிலையங்களை ஒன்றாக, நேரடியாகக் கவனிக்கும் ஏற்பாடு. சுமத்ராக் கரை நம்மிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ஹட்டனிலிருந்து நமக்குத் தெரிவது ஐந்நூறு கிலோமீற்றர். அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மலைக்கு நெருக்கமான காரணம் வேறு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கப்போவதில்லை. சரிவுகளில் செய்மதி ரிசீவர்களை நட்டு, மண் சென்ரிமீற்றர் கணக்கில் நகர்கிறதா என்று பார்க்கும் முறை உலகில் பல இடங்களில் உண்டு. பக்கத்தில் ஒரு நிலையான ரிசீவர் இருந்தால் அயனமண்டலப் பிழையில் பெரும்பகுதி கழிந்துவிடும். குமிழி கடக்கும்போது மட்டும் அந்தக் கழித்தல் சரிவராது. மினுங்கலில் சமிக்ஞை அறுந்து, மலை நகர்ந்ததுபோலப் பொய்க்கணக்கு வரும். மழையும் குமிழியும் ஒரே ஒக்டோபரில் வருகின்றன. நகர்ந்தது மலையா, மேலேயிருக்கும் அயனமண்டலமா என்று அந்த இரவில் கேட்பவருக்கு, பக்கத்துப் பாடசாலை ஒன்றின் எஸ்4 பதிவு பதில் சொல்லும். காணியளக்க ட்ரோன் ஓட்டும் நில அளவையாளர்களுக்கு அவ்வளவு தேவையில்லை, அவர்கள் வேலை பகலில் முடிந்துவிடும்.

ஆக, என் முடிவு இது. முதல் தவணை முழுக்கக் கொழும்புத் தரவு, செலவு எதுவுமில்லை. பழைய கோப்புகளில் 2024 மே மாதப் புயல் நாளையும் அதற்கு முந்திய நாளையும் இறக்கி அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். கழகத்தில் நாலைந்து பேராவது அதில் ஊறிய பிறகு போர்டு. போன் வகுப்பறைக்கு. ஆய்வுகூடக் கருவி பல்கலைக்கழகத்துக்கு.

போர்டு வந்த பின்னும் கொழும்பை விடவேண்டாம். குமிழி செக்கனுக்கு நூறு மீற்றரில் கிழக்கே போகிறது, இடையில் 80 கிலோமீற்றர். கொழும்பில் ஒரு செய்மதியின் ரோட்டி எண் எகிறிய சுமார் 13 நிமிடத்தில் ஹட்டனில் அதே செய்மதி ஆடவேண்டும். ஆடுகிறதா, எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று அளந்தால் குமிழியின் வேகம் கிடைத்துவிடும். ஒரு போர்டும் இலவசத் தரவும் சேர்ந்து, தனித்தனியே எதனாலும் முடியாததைச் செய்யும் இடம் இதுதான்.

அவசரமும் கொஞ்சம் இருக்கிறது. இப்போதைய சூரியச் சுழற்சி 2024 ஒக்டோபர் அளவில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 2030ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரியன் அமைதியாகிவிடும், குமிழிகளும் அரிதாகும். பெரிய கருவிக்குப் பணம் சேரட்டும் என்று மூன்று நாலு வருடம் பொறுத்தால், கருவி வரும்போது பார்ப்பதற்கு மிச்சம் அதிகமிராது. ஜூலைக்குள் போர்டைத் தருவித்து, ஓகஸ்ட் விடுமுறையில் தண்ணீர்த் தாங்கித் தட்டில் அன்டனாவைப் பொருத்தி, நிலத்தொடுப்பை மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துவிட்டால், செப்டெம்பர் குமிழிகளுக்குத் தயார்.